தற்காலிகக் குடில்கள்

2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, நமது புதுவைக் கரையையும் காரைக்கால் கரையையும் தாக்கியதை யாவரும் அறிவர். புதுவை நகரின் கடற்புறத்தைக் கருங்கல் அணை பெரிதுங் காத்தது. அக்காப்பில்லாத மீனவர் குப்பங்களோ பெருங்கேடுற்றன. வீடிழந்தோர்க்கென இக்கடற்கரை நெடுகிலும் அரசினரும் தொண்டு நிறுவனத்தாரும் தற்காலிகக் குடில்களை எழுப்பினர். அவற்றின் குறைகளையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலாவது, கட்டுபொருள். விரைவும் மலிவும் கருதிப் பலவிடங்களில் தார் தோய்ந்த கருந்தகடுகளையே கூரையும் சுவருமாக்கினர். கருநிறம் வெயிலை உட்கொள்ளும். தார் தீக்கு இரையாகும். தென்னங்கீற்றும் தீப்பற்றுவதே, எனினும் அது வெம்மையைத் தடுக்கும். சித்திரை வெயிலில் தகட்டின் கீழ்ப் பகலிற் குழந்தையைத் துயிற்றலும் அரிதாயிற்று.

இரண்டாவது, இடம். ஒருவர்க்கு 3.5 சதுர மீட்டராவது வேண்டுமென்பது நிவாரணப் பணிக்கான ‘ஸ்பியர்’ அளவு, ஐவர்க்கு 17.5 ஆகும். பலர்க்கு வாய்த்தவையோ அதனினுங் குறுகிய அறைகள். அவையும் ஒன்றையொன்று ஒட்டியவை. சென்னைத் திருவொற்றியூரையடுத்த கார்கில் நகரில் 2005 ஜூனில் மூண்ட தீ, அத்தகைய நெருக்கத்தின் தீங்கைக் காட்டிற்று.

மூன்றாவது, காலம். சின்னாட்குரியதென எழுப்பிய குடிலிற் பலர் ஈராண்டுக்கு மேலும் வாழ்ந்தனர். ‘தற்காலிகம்’ என்னுஞ் சொல்லே ஏனைய குறைகளுக்கெல்லாம் வேராயிற்று.

2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் மீண்டும் நம் கரையைத் தாக்கியது. இடர் இனியும் வரும். ஆதலின், இடத்தையும் பொருளையும் முன்னரே தேர்க. குடியிருப்போரைக் கேட்டுக் கட்டுக. வீடிழந்தார்க்கு வேண்டுவது கூரை மட்டுமன்று. வாழத்தக்க நிழல் என்போம்.