செம்பாறைச் சீமையில் ஒரு மோட்டார்ப் பிரயாணம்

அமெரிக்காவின் மேற்கே, யூட்டா, அரிஜோனா என்னும் இரு ராஜ்யங்கள் சந்திக்கிற இடத்தில், மழை அரிதாகப் பெய்யும் பாலைநிலம் ஒன்று பரந்து கிடக்கிறது. பாலை என்றதும் நம்மவர்களுக்கு மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வரும். இங்கே ஒட்டகம் கிடையாது. மணல்மேடுகளோ சுமார் 19 கோடி வருஷங்களுக்கு முன்பே இறுகிச் செம்பாறையாகி விட்டன. அந்தப் பாறையை ஆறுகளும் காட்டு வெள்ளமும் அறுத்து அறுத்து, ஆயிரம் அடி, இரண்டாயிரம் அடி ஆழத்துக்குப் பிளந்திருக்கின்றன. இப்படிப்பட்ட பிளவுகளுக்குக் கான்யன் என்று பெயர்.

கோடை விடுமுறையில் நாங்கள் தம்பதிகளாக இந்தச் சீமைக்குப் போனோம். படம் பிடிக்கும் வித்தை மனைவியுடையது; மோட்டார் ஓட்டுவதும் முக்காலி சுமப்பதும் இதை எழுதுகிறவர் பங்கு. லாஸ் வேகாஸ் நகரில் ஒரு மோட்டாரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிழக்கே புறப்பட்டோம்.

முதலில் ஸயான் கான்யன். இதன் அழகைப் பலரும் எழுதியிருப்பதால் நாம் பெயரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்கிறோம். 1909-இல் அரசாங்கம் இவ்விடத்தைப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டபோது, பாயூட் என்ற பூர்வ குடிகளின் பாஷையிலிருந்து வந்த முக்குன்டுவீப் என்ற பெயரையே சூட்டியது. குடியேறியவர்கள் வழங்கிய பைபிள் பெயர் 1918-இல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பாறை அப்படியே இருக்கிறது, பெயர்ப்பலகை மாறிவிட்டது. இவ்விதக் காரியம் நமக்குப் புதிதல்ல.

அங்கிருந்து பேஜ் என்ற சிற்றூருக்கு வந்தோம். இது முளைத்ததே கொலராடோ நதியின் குறுக்கே கட்டிய கிளென் கான்யன் அணைக்காக. ஊர் இருக்கும் மேட்டு நிலம் நவஹோ ஜாதியாருடையது; 1958-இல் யூட்டாவில் வேறு நிலம் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். அணை 710 அடி உயரம். 1963-இல் கதவை அடைத்தார்கள். ஏரி நிரம்ப 1980 வரை ஆயிற்று. நூற்றுக்கணக்கான கிளைப் பிளவுகள் ஜலத்துக்கடியில் போயின. மூழ்குமுன் எலியட் போர்ட்டர் என்ற நிபுணர் அவற்றை வர்ணப் படங்களாகப் பிடித்து, அதே 1963-இல் புத்தகமாக வெளியிட்டார். அழிந்த பிறகு அழகு தெரிந்தது என்பார்களே, அதற்கு அப்புத்தகமே சாட்சி. பின்னர் வந்த நீண்ட வறட்சியில் ஏரி வற்றி, 2023 தொடக்கத்தில் கொள்ளளவில் கால்பங்குகூட இல்லாமல் போயிற்று.

பேஜுக்கு அருகில் நதி ஒரு குதிரை லாடம்போல் வளைகிறது. ஆயிரம் அடிக்குக் கீழே பார்த்தால் தண்ணீர் பச்சையாக இருக்கிறது. கொலராடோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் செந்நிறமானது என்று அர்த்தம். செம்மண்ணையெல்லாம் அணை தடுத்துவிட்டதால் நதிக்கு அதன் பெயரே பொருந்தாமல் போய்விட்டது. மனைவி அந்தப் பச்சையை நாற்பது தடவையாவது படம் பிடித்திருப்பாள்.

பிரயாணத்தின் உயிர்நிலை ஆண்டிலோப் கான்யன். இது நவஹோ பூமி. அவர்கள் வழிகாட்டியின்றி ஒருவரும் உள்ளே போகக்கூடாது, முக்காலிக்கும் அனுமதியில்லை. ஆகவே சுமை தூக்குகிறவருக்கு அன்று ஓய்வு. மேலே ஓர் ஆள் தாண்டிவிடக் கூடிய விரிசல். கீழே இறங்கினால் அலை அலையாக நெளியும் கற்சுவர். சூரிய கிரணம் நேரே விழுவது உச்சிப் பொழுதில் மட்டுந்தான். மற்ற வேளைகளில் ஒளி ஒரு சுவரில் பட்டு அடுத்த சுவருக்குத் தாவி, தாவுந்தோறும் சிவப்பேறிக் கொண்டே இறங்குகிறது. ஆழத்தின் நிழலிலோ ஆகாயத்தின் நீலம் படிகிறது. நம் கண் இதைப் பழுப்பு என்று சொல்லித் திருப்தியடைகிறது. காமிரா அப்படி ஏமாறுவதில்லை. ஊதாவும் நெருப்பு நிறமும் படத்தில் வந்து நிற்கின்றன.

எங்களை அழைத்துச் சென்ற நவஹோ பெண்மணி வெள்ளத்தின் கதையைச் சொன்னாள். 1997 ஆகஸ்டு 12-ஆந் தேதி, எங்கோ பல மைலுக்கு அப்பால் பெய்த மழை இந்த இடுக்கில் சுவராக வந்து விழுந்து, பதினொரு யாத்திரிகர்களைக் கொண்டுபோயிற்று. கீழ்ப்பிளவில் இப்போது இருக்கும் இரும்புப் படிகள் அதற்குப் பின் அமைத்தவை. தலைக்கு மேல் வானம் நிர்மலமாக இருந்தாலும் இங்கே நம்பக்கூடாது என்றாள்.

வெளியே வந்ததும் மனைவி காமிராவில் பதிந்தவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "பாறை எல்லாம் வந்துவிட்டது. இந்த ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை, பார்த்தீர்களா?" என்றாள். கடைகளில் விற்கும் சித்திர அட்டைகளும் அப்படித்தான் இருந்தன. மனிதர்களே வாராத உலகம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தங்களை டினே என்று, அதாவது ஜனங்கள் என்று, அழைத்துக்கொள்ளும் இவர்களுடைய பூமி சுமார் 27,000 சதுர மைல். 1864-இல் ராணுவம் இவர்களுடைய வயல்களையும் பீச் மரங்களையும் வெட்டி அழித்து, ஆயிரக்கணக்கானவர்களை முந்நூறு மைலுக்கு மேல் நடத்திக்கொண்டு போய்ச் சிறை வைத்தது. நோயிலும் பசியிலும் அநேகர் மாண்டனர். 1868-இல் உடன்படிக்கை செய்துகொண்டு சொந்த நிலத்துக்கே திரும்பினார்கள். நாடு கடத்தப்பட்டவர்கள் நாடு திரும்பிய கதைகள் சரித்திரத்தில் அதிகமில்லை.

மறுநாள் மானுமெண்ட் வாலி போனோம். சமவெளியில் கோபுரங்களைப்போல் தனித்தனியே நிற்கும் செம்பாறைகள்! இதை உலகறியச் செய்ததும் ஒரு தம்பதிகளே. அங்கே கடை வைத்திருந்த கௌல்டிங் என்பவரும் அவர் மனைவியும் 1938-இல் பள்ளத்தாக்கின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு மோட்டாரில் ஹாலிவுட்டுக்குப் போனார்கள். ஜான் போர்டு என்ற டைரக்டர் படங்களைக் கண்டு வந்து, 1939-இல் வெளியான 'ஸ்டேஜ்கோச்' என்ற சினிமாவை இங்கே எடுத்தார். பஞ்ச காலத்தில் நவஹோக்களுக்குக் கூலி கிடைத்தது. ஆனால் போட்ட வேஷமோ அபாச்சி எதிரிகளுடையது.

இங்கே ஊர்க்காரர்களையும் வீடுகளையும் கேளாமல் படம் பிடிக்கக்கூடாது என்பது விதி. சாலையோரம் ஒரு கிழவர் சிறு லாரியின் முதுகில் பெரிய தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். மனைவி போய்க் கேட்டாள். முகம் வேண்டாம், தொட்டியை எடுத்துக்கொள் என்றார். நவஹோ வீடுகளில் பத்துக்கு மூன்றில் குழாய்த் தண்ணீர் இல்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பேஜில் கால்ப் மைதானம் பச்சைப் பசேலென்று இருந்ததை நாங்கள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

உடன்படிக்கையில் பயிரிட விதையும் கருவிகளும் தருவதாக எழுதியிருக்கிறது. விதை தந்தவர் தண்ணீருக்கு வழி செய்யவேண்டாமா என்று இவர்கள் வழக்காடினார்கள். தண்ணீர் தேடிக் கொடுக்க அரசாங்கம் முயற்சி எடுத்தாகவேண்டும் என்ற கட்டாயம் உடன்படிக்கையில் இல்லையென்று, 2023 ஜூன் மாதம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பிறகு அரிஜோனாவுடன் பேசி ஒரு சமரச ஏற்பாடு உருவாயிற்று. நவஹோ சபை 2024 மே மாதம் அதை ஒப்புக்கொண்டது. அது நடைமுறைக்கு வர வாஷிங்டனில் சட்டமும் பணமும் வேண்டும்.

கிழவரின் தொட்டிப் படத்தை மனைவி பெரிதாக அச்சிட்டு, பாறைப் படங்களோடு சேர்த்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் பாறைகளைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தொட்டி எதற்கு என்று பிறகு கேட்கிறார்கள்.