பெயர் பெறும் வழி

சென்ற மாதம் எம் மாணாக்கன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் வந்து நின்றான். "ஐயா, எந்தப் புனைபெயரில் எழுதினால் என் பெயர் நிலைக்கும்?" என்பது அவன் வினா. பெயரைச் சொன்ன அளவிலே அவன் துறையும் நினைவுக்கு வரும்படி, ஒருவன் தன் பெயரையே வணிகக்குறிபோல ஆக்கிக்கொள்ள வேண்டுமென இக்காலத்தார் கற்பிக்கின்றனராம். யானும் இருபது வயதில் மூன்று புனைபெயர் மாற்றினேன். மூன்றும் இப்பொழுது எனக்கே மறந்துபோயின. ஆதலால், புத்தூருக்கு அயலிலுள்ள சிறுப்பிட்டியார் ஒருவரின் வரலாற்றை அவனுக்குச் சொன்னேன்.

1832ஆம் ஆண்டிற் பிறந்த தாமோதரம்பிள்ளை, ஊரின் முதலெழுத்தையும் தந்தையார் வைரவநாதரின் முதலெழுத்தையும் தாங்கிச் சி. வை. தா. ஆனார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர், கும்பகோணத்தில் வழக்கறிஞர், புதுக்கோட்டையில் நீதிபதி, 1895இல் இராவ்பகதூர். இவற்றுள் எதனைக்கொண்டு இன்று அவரை நினைக்கிறோம்? வீரசோழியம் (1881), கலித்தொகை (1887), சூளாமணி (1889) என நீளும் பதிப்புகளைக்கொண்டன்றோ! உத்தியோகத்துக்கு இடையே, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி அச்சேற்றினார். அவ்வேட்கையே அவர் பெயராயிற்று.

தொல்காப்பியப் பதிப்புரையில் அவர் கூறிய கருத்தொன்று பண்டிதராகிய எம்மைச் சுருக்கெனத் தைப்பது. பெரும்பட்டங்களைத் தலையிற் சுமப்போர், பிழை நேர்ந்தாற் பெயர் கெடுமென்று இத்தகைய வேலைக்கு அஞ்சுவர்; அச்சுமை இல்லாமல் இன்னும் தமிழ் படிக்கும் தம்மைப் போன்றவரே கையிட வேண்டியதாயிற்று என்பது அதன் கருத்து. பிழையும் நேர்ந்தது. 1885இல் அவர் வெளியிட்ட பொருளதிகாரத்திற் பேராசிரியர் உரையும் நச்சினார்க்கினியர் உரையாகவே அச்சேறியது. பின்வந்த ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டு திருத்தினர். திருத்துவதற்கு அவர்கள் கையில் ஓர் அச்சுநூல் இருந்தது. அதனைக் கொடுத்தவர் சி. வை. தா. அவ்வேடுகள் இன்னும் சில காலம் கேட்பாரற்றுக் கிடந்திருப்பின், திருத்துதற்கு என்ன எஞ்சியிருக்கும்?

மாணாக்கன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின், பையிலிருந்து ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்தான். துலா, ஆடுகால், துலாக்கொடி, பட்டை எனக் கிணற்றிறைப்புச் சொற்களை அவன் ஊர்க் கமக்காரரிடம் கேட்டு எழுதி வருகின்றான். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா மறைந்தது. அச்சொற்களைப் புழங்கிய முதியோரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். இத்தனையும் வைத்துக்கொண்டா புனைபெயர் தேடினான்!

"பிழை இருந்தாற் சிரிப்பார்கள், ஐயா" என்றான்.

"எத்தனை சொல் சேர்ந்தன?"

"நூற்றுக்கு மேல். சூத்திரக் கிணற்றுச் சொற்கள் இன்னும் எழுதவில்லை. அவை தெரிந்த அப்பு ஒருவர் இருக்கிறார், படுக்கையில்."

"எப்பொழுது போகப்போகிறாய்?"

"சனிக்கிழமை போகலாமென்று..."

அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் வகுப்புக்கு வரவேண்டாமென்று சொல்லி அனுப்பினேன்.