பேனர் வந்தது, கரன்ட் வரவில்லை

2003 மே 1. அமெரிக்க அதிபர் புஷ் விமானி உடையில் ஒரு போர்க்கப்பலில் வந்திறங்கினார். இராக் போரைப் பற்றிப் பேசும்போது பின்னால் 'பணி முடிந்தது' என்று பெரிய பேனர். நான் அப்போது குவைத்தில் எலக்ட்ரீஷியன். மெஸ் டிவியில் பார்த்த எங்களுக்கு ஒரே கேள்விதான்: பாக்தாத்தில் கரன்ட் வந்துவிட்டதா?

எங்கே வருவது! உயர் அழுத்த டவர்களைச் சாய்த்து, கம்பியை உருக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள் கொள்ளையர்கள். சாய்க்க ஒரு ராத்திரி போதும். நிமிர்த்த கிரேன் வேண்டும், அஸ்திவாரம் வேண்டும், புதுக் கம்பி வேண்டும், அதைத் திருடாமலிருக்கக் காவலும் வேண்டும். எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்கக் காவல் இருந்தது. தேசிய அருங்காட்சியகமோ கொள்ளை போனது.

மே 23 அன்று, அமெரிக்கா நியமித்த நிர்வாகத் தலைவர் பால் பிரெமர் இராக் ராணுவத்தையே கலைத்தார். லட்சக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. பாலம் கட்டவும் சாலை போடவும் தெரிந்தவர்கள் அதில் எத்தனை பேரோ! இது இன்றும் எனக்கு ஜீரணமாகவில்லை.

ஆகஸ்ட் வெயிலில் பஸ்ரா மக்கள் கரன்ட்டும் பெட்ரோலும் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். எண்ணெய் ஊற்றெடுக்கும் ஊர் அது. தெருவுக்கொரு ஜெனரேட்டர் முளைத்தது. ஆம்பியர் கணக்கில் வீடுகளுக்கு விற்கும் அந்த வியாபாரம் பல ஆண்டுகள் கழித்தும் ஓயவில்லை.