நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் தசை வலி

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) என்பது மூச்சுக்குழல்கள் குறுகி, நுரையீரலின் காற்று நுண்ணறைகள் சிதைந்து, உள்ளிழுத்த காற்று எளிதில் வெளியேற முடியாத நிலையாகும். புகைபிடித்தல், விறகடுப்புப் புகை, தொழிலிடத் தூசி, காற்று மாசு ஆகியன இதன் முக்கியக் காரணங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் இந்நோயால் சுமார் 35 இலட்சம் பேர் இறந்தனர்.

மூச்சிரைப்பு, இருமல், சளி ஆகியவை பலரும் அறிந்த அறிகுறிகள். கழுத்து, தோள், முதுகு, தொடை ஆகிய இடங்களில் தோன்றும் தசை வலியும் இந்நோயுடன் வருவதுண்டு. இதை முதுமையின் வலி என்று விட்டுவிடுவோரும், ஓய்வெடுத்தால் போய்விடும் என்று கருதுவோரும் உண்டு. ஆனால் நீண்ட ஓய்வு தசைகளை மேலும் நலியச் செய்து வலியை வளர்க்கிறது.

வலி தோன்றும் விதம்

இயல்பான சுவாசத்தில் பெரும்பங்கு வேலையைச் செய்வது உதரவிதானம். இந்நோயில் காற்று நுரையீரலுக்குள் தேங்குவதால் நுரையீரல் உப்பி, குவிந்த வடிவிலுள்ள உதரவிதானத்தைக் கீழே அழுத்தித் தட்டையாக்குகிறது. அதன் திறன் குறையவே, கழுத்து, தோள், விலா எலும்புகளுக்கிடையிலுள்ள தசைகள் அந்த வேலையை ஏற்கின்றன. ஓய்வின்றி இயங்கும் இத்தசைகள் இறுகி வலிக்கின்றன. தொடர் இருமல் விலாப்பகுதித் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் நோகச் செய்கிறது.

கால் தசைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. மூச்சிரைப்புக்கு அஞ்சி நோயாளி நடையைக் குறைக்கிறார். பயன்படாத தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறிது நடந்தாலே களைத்து வலிக்கிறது; மூச்சும் விரைவில் இரைக்கிறது. அதனால் நடை மேலும் குறைகிறது. உடல் முழுவதும் பரவும் அழற்சி, ஆக்சிசன் குறைபாடு, போதிய உணவின்மை ஆகியவையும் தசையை நலிவிக்கின்றன.

மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. சால்பியூட்டமால் போன்றவை சிலருக்கு நடுக்கத்தையும் தசைப்பிடிப்பையும் தரலாம். நீண்டநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரைகள் தசையையும் எலும்பையும் பலவீனப்படுத்தும். எனினும் மருத்துவரைக் கேட்காமல் இம்மருந்துகளை நிறுத்தக் கூடாது.

தணிக்கும் வழிகள்

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி: மேலே கூறிய சுழற்சியை உடைப்பதற்கான முதன்மை வழி இதுவே. நடை, நிலைமிதிவண்டி, சிறு எடை தூக்குதல், சுவாசப் பயிற்சி, உணவு ஆலோசனை ஆகியவை இதில் அடங்கும். வாரத்திற்கு இருமுறையேனும் மேற்பார்வையுடன் ஆறு முதல் எட்டு வாரங்கள் நடத்தப்படுவது வழக்கம். 65 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, இப்பயிற்சி மூச்சுத்திணறலையும் களைப்பையும் குறைத்து நடைத்திறனைக் கூட்டுவதாக முடிவு செய்தது. பயிற்சியை விட்டுவிட்டால் பலன் மெல்லக் குறையும் என்பதால் வீட்டிலும் தொடர வேண்டும்.

உதடு குவித்து மூச்சுவிடுதல்: மூக்கின் வழியே இரண்டு எண்ணும் நேரம் மூச்சிழுத்து, உதடுகளைக் குவித்து நான்கு எண்ணும் நேரம் மெல்ல வெளிவிட வேண்டும். தேங்கிய காற்று வெளியேறக் கழுத்துத் தசைகளின் சுமை குறையும்.

முன்சாய்ந்த இருக்கை நிலை: நாற்காலியில் அமர்ந்து சற்று முன்சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றினால் தோள்கள் தளர்ந்து சுவாசம் எளிதாகும்.

ஒத்தடம்: இறுகிய தசைக்கு 15 முதல் 20 நிமிடம் மிதமான வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். கடும் நெடியுள்ள தைலங்கள் சிலருக்கு இருமலைத் தூண்டும். ஆக்சிசன் பயன்படுத்துவோர் முகத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ எண்ணெய்ப் பசையுள்ள தைலம் பூசுவது தீப்பிடிக்கும் அபாயம் கொண்டது.

உணவு: பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற புரத உணவுகள் தசையைப் பேண உதவும். வயிறு நிறைந்தால் உதரவிதானம் அழுத்தப்படும் என்பதால் சிறிதுசிறிதாகப் பலமுறை உண்பது நல்லது.

புகையை விடுதல்: பீடி, சிகரெட்டைக் கைவிடாமல் மற்ற முயற்சிகள் முழுப்பலன் தரா.

வலி மாத்திரைகளில் கவனம்

ஓபியாய்டு வகை வலிநீக்கிகளும் தூக்க மாத்திரைகளும் சுவாசத்தை மட்டுப்படுத்தக் கூடியவை. இரண்டையும் சேர்த்து உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்துமாவும் உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபென் போன்றவை மூச்சுத்திணறலைத் தூண்டும். ஆகவே கடையில் தாமாக வாங்கி உட்கொள்வது தவிர்க்கப்பட வேண்டும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய நிலைகள்

இந்நோயாளிகளின் எல்லா வலியும் தசை வலியன்று. மார்பை அழுத்தும் வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாகலாம். திடீரென ஒருபக்க மார்பு வலியுடன் மூச்சுத்திணறல் கூடுவது நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்ததைக் குறிக்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் இரத்தம் உறைந்திருக்கக் கூடும். இருமும்போது விலாவில் சுருக்கென்று தொடங்கி நீடிக்கும் வலி, எலும்பு வலுவிழந்தவர்களுக்கு விலா எலும்பு முறிவாகவும் இருக்கலாம். முதல் மூன்று நிலைகளில் சிறிதும் தாமதிக்கக் கூடாது. இறுதியாகக் கூறிய வலியையும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும்.