படை வாங்கிய அடி, தோட்டம் கட்டிய வட்டி

பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானின் பெயரில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. மலாயில் ‘மேடான்’ என்றால் திடல். நம்முடைய மைதானத்துக்கு உடன்பிறப்பு. ‘பெராங்’ என்ற சொல்லைப் பின்னால் ஒட்டினால் அதுவே போர்க்களம். இங்கே அடுக்குமாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ரப்பர் தோட்டமே பூர்வீகம். அந்தத் தோட்டங்களுக்கும் இரண்டாம் உலகப் போரின் பெரிய போர்க்களங்கள் பலவற்றுக்கும் நடுவே கடலும் காடும் ஆயிரம் மைலுக்கு மேல் கிடந்தன. ஆனாலும் அங்கே ஒரு படை வாங்கிய அடி ஒவ்வொன்றும் இங்கே லயத்து வாசலில் வந்து விழுந்தது.

எழுபது நாள்

1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையேறியது ஜப்பானியப் படை. ஜனவரி 11இல் கோலாலம்பூர் போனது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. மொத்தம் எழுபதே நாள்.

அந்த வெற்றி தோட்டத்து மக்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அறிய, அதே 1941இன் முற்பாதிக்குப் போக வேண்டும். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து, இராணுவத்தை இறக்கி அடக்கினார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதே துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே ஓடினார்கள். விரட்டியவன் யார், எதற்கு வந்தான் என்று கேட்க அப்போது எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

கடலில் விழுந்த அடி

1942 ஜூனில் பசிபிக் நடுவே மிட்வே தீவருகில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. கடல் இனி அதன் கைக்குள் இல்லை. பர்மாவில் இருந்த படைக்கு அரிசியும் தோட்டாவும் மலாக்கா நீரிணை வழியாகத்தான் ரங்கூனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த வழியில் நீர்மூழ்கிகளின் பயம். ஆகவே சயாமின் பான் போங்கில் இருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை, மலையைக் குடைந்து காட்டை வெட்டி, 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட முடிவானது.

அதற்குக் கை வேண்டும். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர் போதவில்லை. லாரிகள் மலாயாத் தோட்டங்களுக்குள் வந்தன. நல்ல சம்பளம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற ஆசை வார்த்தையில் சிலர் ஏறினார்கள். பிறகு ஆசை வார்த்தையும் நின்றுபோய், கையில் கிடைத்தவர்களை அள்ளிப் போனார்கள். காலராவும் பசியும் அடியும் மீதியைப் பார்த்துக்கொண்டன. 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தமிழர் பல்லாயிரம். நாம் இன்றும் சயாம் மரண ரயில் என்று சொல்வது அதைத்தான்.

கழற்றிக் கொடுத்த தோடு

தண்டவாளம் தமிழர்களைத் தின்றுகொண்டிருந்த அதே 1943 ஜூலையில், இந்திய விடுதலைக்குப் போரிட இந்திய தேசிய இராணுவத்தை வழிநடத்த, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். கோலாலம்பூர் கூட்டத்தில் அவர் பேச்சைக் கேட்ட பதின்ம வயது ஜானகி தேவர் தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டார் எதிர்ப்பைத் தாண்டி அந்த இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். ரசம்மா பூபாலனும் அப்படிச் சேர்ந்தவர்தான். பட்டாளத்தில் சேர்ந்தால் சயாமுக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்று பெயர் கொடுத்த தொழிலாளிகளும் உண்டு. பக்தியும் பயமும் ஒரே வரிசையில் நின்றன.

இவர்களில் பெரும்பாலோர் ஜப்பானுக்காகப் படை சேர்ந்தவர்கள் அல்லர். ஜப்பானின் முதுகில் ஏறி டில்லி போகலாம் என்பது கணக்கு. குதிரை இடறினால் என்ன ஆகும் என்பதை 1944 காட்டியது.

இம்பால்

மார்ச் மாதம் ஜப்பானியத் தளபதி முதகுச்சியின் பதினைந்தாம் படை, இந்தியாவின் இம்பாலைப் பிடிக்க, பர்மாவின் சின்ட்வின் ஆற்றைக் கடந்தது. கையில் மூன்று வார உணவு. மீதியை ஆங்கிலேயரின் கிடங்கில் பிடுங்கிக்கொள்ளலாம் என்று திட்டம். கிடங்கு சிக்கவில்லை. சூழப்பட்ட ஆங்கிலேய-இந்தியப் படைக்கு விமானம் மூலம் உணவு இறங்கிக்கொண்டே இருந்தது. முற்றுகையிட்டவன் பட்டினி கிடந்தான். ஜூலையில் பின்வாங்கும்போது மழை, மலேரியா, சேறு. எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் செத்தோ, காயப்பட்டோ, நோயில் விழுந்தோ போனார்கள்.

அதே ஜூலையில் டோக்கியோவில் பிரதமர் டோஜோ பதவி இழந்தார். பாங்காக்கில் ஜப்பானோடு கைகோத்திருந்த பிபுன் அரசும் கவிழ்ந்தது. 1945 மார்ச் 27இல், ஜப்பான் பயிற்சி கொடுத்து வளர்த்த ஆங் சானின் பர்மியப் படை துப்பாக்கியை ஜப்பான் பக்கமே திருப்பியது. மலாயாக் காட்டில் ஒளிந்திருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு ஆகாயத்தில் இருந்து ஆயுதம் இறங்கியது.

இந்தக் கணக்கு பழசாகிவிடவில்லை. 2022 மார்ச் கடைசியில் ரஷ்யப் படை கீவ் வாசலில் இருந்து பின்வாங்கிய பிறகுதான் மேற்கு நாடுகள் உக்ரைனுக்குக் கனரக ஆயுதங்களைத் தாராளமாகத் தந்தன. செப்டம்பரில் கார்கிவ் வட்டாரத்தில் அடி விழுந்ததும் மாஸ்கோ 3,00,000 பேரைப் படைக்கு அழைத்தது. அடிபடும் படை, எதிரிக்கு நண்பர்களைச் சேர்த்துத் தருகிறது. தனக்கு ஆள் சேர்க்க எங்கோ இருக்கும் ஏழை வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

திரும்பிய வழி

1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு வெளியேறியபோது, ஜானகி உள்ளிட்ட ஜான்சி ராணிப் பெண்கள் விமானத் தாக்குதலுக்குப் பயந்து இரவில் நடந்தார்கள். மோல்மீனில் இருந்து பாங்காக்குக்கு ரயில். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே இருந்தது ஒரே பாதைதான்: தோட்டத்து ஆட்கள் போட்டுவிட்டுச் செத்த பாதை.

போரில் தோற்ற இந்திய தேசிய இராணுவத்துக்குப் பெரிய ஆதரவு கிடைத்தது தோல்விக்குப் பிறகுதான். 1945 நவம்பரில் செங்கோட்டையில் அதன் அதிகாரிகள் மூவர் மீது வழக்கு தொடங்கியதும் இந்தியா முழுக்கக் கொந்தளித்தது. இங்கே, போஸ் அமைத்த இடைக்கால அரசில் இருந்த ஜான் திவி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவர் ஆனார்.

சயாமுக்குப் போனவர்களுக்கு அந்தப் பிற்கால மரியாதையும் வரவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறித்திருக்கிறது. நம் ஆட்களின் பெயர்களை அப்போது யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. கம்போங் மேடான் அடுக்குமாடிகளில், தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போனார் என்று யாராவது சொன்னால், உடனே பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.