மருந்து இல்லை என்றால் எழுத்தில் கேட்போம்

வெள்ளவத்தை காலி வீதியில் மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. "இங்க இல்லை, வெளியில வாங்குங்கோ" என்று கிளினிக்கில் எழுதித் தரும் துண்டோடு அங்கே நிற்பவர்களில் நானும் ஒருத்தி. வன்னியிலிருந்து வந்து வாடகை அறையில் இருக்கும் எனக்கு அம்மாவின் சீனி வருத்தத்துக்கான மருந்துச் செலவு சின்னதல்ல.

மருந்து இல்லாததெல்லாம் ஊழல் என்று சொல்ல மாட்டேன். 2022இல் டொலர் இல்லாமல் நாடே தவித்தது. ஆனால் 2023இல் வெளிவந்த தரமற்ற இம்யூனோகுளோபுலின் விவகாரம் வேறு கதை. அது தொடர்பாக, முன்பு சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதானார். எது தட்டுப்பாடு, எது களவு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தமான விடயமென்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் மேன்முறையீடு, அதன்பின் தகவல் ஆணைக்குழு.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் மருந்து தருவதில்லை?" என்று எழுதினால் மழுப்பல்தான் வரும். "மே மாதம் மெற்போமின் எத்தனை வந்தது, எத்தனை கொடுக்கப்பட்டது, எந்தெந்த நாட்களில் கையிருப்பு இல்லை?" என்று கேளுங்கள். இதற்கு ஏட்டைப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும்.

பெயர், விலாசம் எழுதிக் கொடுக்க எங்களுக்குப் பயம். அது வீண்பயமல்ல சகோதரிகளே. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி அனுப்பியதை மறப்போமா? அதை மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்ததும், ஒரு அமைப்பு எழுத்தில் முறையிட்டதால்தான்.

தனியே போகப் பயமென்றால் இரண்டு மூன்று பேராகப் போங்கள். கடிதத்தின் பிரதியையும், ஏற்றுக்கொண்டதற்கான துண்டையும் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள். பதினான்கு நாள் கணக்கை அதிலிருந்துதான் எண்ண வேண்டும். யாராவது "சந்தோஷம்" என்று காசு கேட்டால் அதற்கு இந்தக் கடிதம் போதாது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள்.