உங்களுக்குத் தெரியுமா? கச்சானுக்கு மேலே

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்றால் காற்று மேற்கிலிருந்து வரும். அதே நேரத்தில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு பெருங்காற்று மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. 1950களில் இதை விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். வெயிலில் சூடேறும் திபெத் மேட்டுநிலமும் பருவமழை மேகங்கள் வெளிவிடும் வெப்பமும் சேர்ந்து அதை ஓட்டுகின்றன. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு நம்மிடம் வறண்டு வரும் கச்சானும் அந்தப் பருவமழையைக் கொண்டுவரும் காற்றுத்தான்.

★

1883 செப்டெம்பரில் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது! ஓகஸ்ட் 27இல் வெடித்துச் சிதறிய கிரகதோவா எரிமலையின் தூசு, மேற்கு நோக்கி உலகை ஒரு சுற்றுச் சுற்றி நம் வானத்துக்கு வந்திருந்தது. நிலநடுக்கோட்டின் உயர்வானில் எப்போதும் கீழைக்காற்றே வீசுகிறது என்று அறிஞர்கள் முடிவுகட்டினார்கள். 1908இல் கிழக்கு ஆபிரிக்காவில் பலூன் விட்ட வானிலை ஆய்வாளர் பேர்சன், அங்கே மேலைக்காற்றைக் கண்டார். யார் சொன்னது சரி? இரு தரப்பும் கண்டது சரி. அந்தக் காற்று ஏறத்தாழ 28 மாதங்களுக்கு ஒருமுறை திசைமாறித் திரும்புகிறது என்பது 1960 அளவில்தான் தெரியவந்தது. திசையை மாற்றுவது சூரியனல்ல. கீழே திரளும் வெப்பமண்டல மழைமேகங்கள் கிளப்பிவிடும் அலைகள் மேலேறி உடைந்து, தம் விசையை அங்கே கொடுத்துவிடுகின்றன. ஆய்வாளர்கள் லிண்ட்சனும் ஹோல்டனும் 1968இல் காட்டிய இந்த விளக்கம் எனக்கு இன்றும் வியப்புத்தான்: மாதக்கணக்கில் வீசும் காற்றையே மேகம் திருப்பிவிடுகிறது.

★

மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும், மேகங்கள் கிளப்பிய அலை பெருகும். ஆழ்கடலில் தாழ்ந்து வரும் அலை கல்லடிக் கரையில் எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

★

100 கிலோமீற்றருக்கு மேலேயும் மழையின் தடம் உண்டு. நிலநடுக்கோட்டைச் சுற்றி, மின்னேறிய காற்றடுக்கான அயனமண்டலம் நான்கு இடங்களில் கூடுதலாக ஒளிர்வதைச் செய்மதிப் படங்கள் காட்டின. வெப்பமண்டல மழைமேகங்களின் அன்றாட வெப்பத்தில் பிறக்கும் அலைகளே காரணம் என்று 2006இல் விளக்கப்பட்டது.

★

வள்ளத்து ஜிபிஎஸ் கருவிக்கு வரும் சமிக்ஞை அந்த அயனமண்டலத்தைக் கடந்தே வருகிறது. பொழுது சாய்ந்தபின் அங்கே குமிழிகள் எழுந்தால் சமிக்ஞை தடுமாறும். அக்குமிழிகள் சிலவற்றுக்கு விதை, கீழே இடிமேகத்திலிருந்து ஏறிய அலையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.